பாடன்-பாடன், லிஷ்டென்டாலர் அலே: இளவேனில் நடைக்கான பூங்காவா, சூதாட்டப் பணத்தின் மேடையா?

வழிப்போக்கன் எழுதியது:

ஜெர்மனியின் வெந்நீர் ஊற்றுநகரமான பாடன்-பாடன் என்றதும் நம்மில் பலரும் சூதாட்ட மாளிகையையும் வெந்நீர்க் குளியல் கூடங்களையும் பற்றியே பேசுகிறோம். அந்த ஊரின் லிஷ்டென்டாலர் அலே என்ற பூங்காவைப் பற்றிப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கார்ல்ஸ்ரூவேயில் வசிப்பதால் ரயிலில் விரைவாகப் போய்விட முடிகிறது. மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அங்கே போகாமல் இருக்க முடிவதில்லை.

ஊரின் நாடக அரங்குக்கு அருகே தொடங்கும் இந்த நடைவழி, ஓஸ் என்ற சிற்றாற்றின் இடக்கரையை ஒட்டியே தெற்கு நோக்கிச் சென்று, லிஷ்டென்டால் கன்னியர் மடத்தில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். 1655ஆம் ஆண்டிலேயே சந்தைச் சதுக்கத்தையும் மடத்தையும் இணைக்கும் சாலையாக இது இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சாலையின் இருபுறமும் இருந்த வயல்களையும் புல்வெளிகளையும் சேர்த்துக்கொண்டு ஆங்கிலப் பாணிப் பூங்காவாக மாற்றினார்கள்.

ஆங்கிலப் பாணி என்றால் வடிவகணித வேலிகளும் நேர்கோட்டுப் பாத்திகளும் இல்லாமல், வளைந்து செல்லும் பாதைகள், தனித்து நிற்கும் பெருமரங்கள், இடையிடையே மரத்தொகுதிகள், அவற்றுக்கு நடுவே திறந்துவிடப்பட்ட புல்வெளி என்று அமைப்பது. பார்ப்பவருக்கு எல்லாம் தானாக வளர்ந்தது போலவே தோன்றும். ஆனால் கொஞ்சம் நின்று கவனித்தால் கைவேலை எங்கும் தெரிகிறது. பள்ளத்தாக்கு மிகக் குறுகியது. சில இடங்களில் பூங்காவின் அகலம் ஒரு பெரிய விளையாட்டுத் திடல் அளவுகூட இராது. அதை அகலமாகக் காட்டுவது ஆறுதான். எதிர்க்கரையில் இருப்பவை விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் சொந்தமான தோட்டங்கள். இடையில் உயரமான சுவர் இல்லாததால், அவற்றின் புல்தரையும் மரங்களும் நம் பக்கத்துப் பூங்காவின் தொடர்ச்சியாகவே கண்ணுக்குப் படுகின்றன. அதற்கும் அப்பால் கருங்காடு (Black Forest) என்ற மலைப்பகுதியின் சரிவுகள் எழுகின்றன. அவற்றையும் பூங்கா தன் பின்னணியாக எடுத்துக்கொள்கிறது. ஆற்றைக்கூட அப்படியே விட்டுவிடவில்லை. படுகை முழுவதும் கல் பாவி, ஆங்காங்கே தாழ்ந்த படிகள் கட்டியிருக்கிறார்கள். நீர் அந்தப் படிகளில் இறங்கும்போது எழும் ஓசை, நடக்கும் ஒருவருக்கு வழிநெடுகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மார்ச்சில் இந்தப் புல்வெளிகளை ஊதாவும் வெள்ளையும் மஞ்சளுமாகக் குரோக்கஸ் பூக்கள் மூடிவிடுகின்றன. பெருமரங்களில் அப்போது இலையே இருக்காது. கிளைகளின் நிழல் மெல்லிய கோடுகளாகப் பூக்களின் மேல் விழும் அந்தச் சில வாரங்களில்தான் பூங்காவின் எலும்புக்கூடு, அதாவது எந்த மரத்தை எங்கே நட்டார்கள், பாதையை எங்கே வளைத்தார்கள் என்பது, தெளிவாகப் புலப்படும். கோடையில் இலை அடர்ந்தபின் இதைப் பார்க்க முடியாது.

என் கருத்து இதுதான். இந்தப் பூங்காவை ஊரின் அழகுக்காகச் சேர்த்த அணிகலனாகப் பார்ப்பது போதாது. ஊற்றுநகரங்களில் நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இருந்தது. குளியல் கூடம் எவ்வளவு மருத்துவக் கட்டடமோ, அந்த அளவுக்கு இந்தப் பூங்காவும் மருத்துவக் கட்டுமானம். 2021ல் பதினோரு ஊற்றுநகரங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது பாடன்-பாடனும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது. அங்கும் ஊற்றுகளோடும் கட்டடங்களோடும் நடைவழிகளும் பூங்காக்களும் சேர்த்தே மதிப்பிடப்பட்டன. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்வெட்டு எழுதியது:

வழிப்போக்கன் அவர்களின் வருணனையை மிகவும் விரும்பிப் படித்தேன். ஆனால் அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். பாடன்-பாடனின் வெந்நீர் ஊற்றுகள் ஆற்றின் வலப்புறம், பழைய ஊருக்கு மேலே உள்ள புளோரன்டினர் குன்றின் சரிவில் சுரக்கின்றன. ரோமானியர் குளித்ததும் அங்கேதான், 1877ல் திறக்கப்பட்ட ஃபிரீட்ரிக்ஸ்பாட் குளியல் கூடம் இருப்பதும் அங்கேதான். 68 பாகை செல்சியஸ் வரை வெப்பமுள்ள உப்புநீர் அது. பூங்காவோ ஆற்றின் மறுகரையில், ஊருக்கு வெளியே தொடங்குகிறது. ஊற்றையும் பூங்காவையும் ஒரே சிகிச்சையின் இரண்டு உறுப்புகளாகத் திட்டமிட்டிருந்தால் இப்படி அமைந்திருக்காது.

பூங்காவின் தொடக்கத்தில் இருப்பது ஃபிரீட்ரிக் வைன்பிரென்னர் வடிவமைத்து 1824ல் முடிந்த கூர்ஹவுஸ். அன்றைய பெயர் உரையாடல் மாளிகை. அங்கே நடந்தது நடனமும் விருந்தும் சூதாட்டமும். அந்த மாளிகை எழுந்த பிறகு ஊரின் நடுவிடமே மறுகரைக்கு நகர்ந்துவிட்டது. நோயாளிகளின் பழைய குளியல் தெருக்கள் பின்னுக்குப் போயின.

அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பிரான்ஸில் அரசர் லூயி பிலிப் ஆட்சியில், 1837ஆம் ஆண்டின் கடைசி நாளோடு சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன. பாரிஸில் சூதாட்டக் குத்தகை வைத்திருந்த ழாக் பெனாசே உடனே 1838ல் பாடன்-பாடன் மாளிகையின் குத்தகையை எடுத்தார். 1848ல் அவர் இறந்ததும் மகன் எதுவார் பெனாசே பொறுப்பேற்று, 1867ல் தாம் இறக்கும் வரை நடத்தினார். இந்த எதுவார்தான் மாளிகையின் உட்கூடங்களைப் பிரெஞ்சு அரண்மனைப் பாணியில் அலங்கரித்தவர்; 1858ல் இஃபெட்ஸ்ஹைமில் குதிரைப் பந்தயத் திடலைத் தொடங்கியவர்; 1862ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸின் புதிய ஓப்பராவோடு திறக்கப்பட்ட நாடக அரங்கைக் கட்டியவர். லிஷ்டென்டாலர் அலேயைப் பூங்காவாக விரித்ததும் அவர் காலத்துப் பணிதான். பந்தயத் திடல், நாடக அரங்கு, பூங்கா ஆகிய மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நோக்கத்துக்காக எழுதப்பட்ட செலவுகள். விருந்தினர் ஊரைவிட்டுப் போகாமல் தங்க வேண்டும். தங்கினால் மாலையில் சூதாட்ட மேசைக்கு வருவார்கள்.

அந்தக் காலத்தில் பாரிஸை ஐரோப்பாவின் குளிர்காலத் தலைநகர் என்றும் பாடன்-பாடனைக் கோடைகாலத் தலைநகர் என்றும் சொன்னார்கள். யார் யாரோடு வண்டியில் போகிறார், யார் யாருக்குத் தொப்பியைக் கழற்றுகிறார் என்பதையெல்லாம் ஊரே பார்த்த இடம் இந்தச் சாலை. 1861ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம் இதே வழியில் நடந்து போனபோது, ஓஸ்கார் பெக்கர் என்ற மாணவர் அவரைச் சுட்டார். ஜெர்மனியை ஒன்றிணைக்க அரசர் போதிய அளவு முயலவில்லை என்பது அந்த மாணவரின் குறை. அரசருக்குக் கழுத்தில் சிறு காயம் மட்டுமே ஏற்பட்டது. பெரிய காவல் இல்லாமல் ஓர் அரசர் நடப்பார் என்பதும், அவர் எங்கே நடப்பார் என்பது வெளியூர் மாணவர் ஒருவருக்கும் தெரிந்திருந்தது என்பதும் இந்தச் சாலையின் இயல்பை நன்றாகவே காட்டுகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய பருவம் கோடைப் பருவம். நீங்கள் இவ்வளவு விரும்பும் மார்ச் மாதத்தில் அந்தப் பெருங்கூட்டம் இங்கே இருந்ததில்லை.

பொன்னி எழுதியது:

இரண்டு பதிவுகளையும் ஆர்வத்துடன் படித்தேன். என் கேள்வி எளியது. அடுத்த இளவேனிலில் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போக எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் பூக்களைப் பார்ப்பதென்றால் வலியை மறந்துவிடுவார்கள். எந்த வாரங்களில் போனால் எந்தப் பூக்களைப் பார்க்கலாம்? ஏற்ற இறக்கம் அதிகமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாவரப்பித்தன் எழுதியது:

பொன்னி அவர்களின் கேள்விக்குப் பூக்களின் பக்கமிருந்து பதில் சொல்கிறேன். பாதையைப் பற்றி வழிப்போக்கன் ஐயா சொல்லட்டும்.

மேல் ரைன் சமவெளி ஜெர்மனியின் மிக வெதுவெதுப்பான பகுதிகளில் ஒன்று. பாடன்-பாடன் அதன் ஓரத்தில், கருங்காட்டு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. அதனால் இளவேனில் இங்கே முந்தியே வந்துவிடும். குரோக்கஸ் பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ பூக்கத் தொடங்கி, மார்ச் நடுவில் உச்சத்தை எட்டும். மார்ச் முடிவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மக்னோலியா. மே மாதத்தில் அசேலியாவும் ரோடோடென்ட்ரானும். ரோஜாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலம் நீண்டால் எல்லாமே ஓரிரு வாரம் தள்ளிப்போகும்.

குரோக்கஸைப் பார்க்கப் போகிறவர்கள் வெயில் அடிக்கும் நாளையே தேர்ந்தெடுங்கள். இந்தப் பூ வெப்பத்தைப் பார்த்துத் திறக்கிறது. இதழின் உட்பக்கத்துத் திசுவும் வெளிப்பக்கத்துத் திசுவும் வெவ்வேறு வெப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால், சூடு ஏறினால் விரிகிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது. மேகம் கவிந்த காலையில் போனால் புல்லுக்கு மேலே ஊதாக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் காண்பீர்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பாதையோரத்தில் குனிந்து ஒரு பூவைப் பாருங்கள். கிண்ணத்தின் நடுவே ஆரஞ்சு நிறத்தில் பிசிறுபிசிறாகப் பிரிந்த சூலகமுடி நிற்கும். நம் வீட்டுப் பாலில் போடும் குங்குமப்பூ இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் சூலகமுடிதான். அந்தச் செடி இலையுதிர்காலத்தில் பூப்பது. பூவுக்குள் மகரந்தம் பூசிக்கொண்டு ஒரு பெரிய வண்டுத்தேனீ கிடந்தால் அதைக் கலைக்காதீர்கள். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தனியே உறங்கி எழுந்த அரசி அது. புதிய கூட்டைத் தொடங்க அதற்குக் கிடைக்கும் முதல் உணவுகளில் குரோக்கஸும் ஒன்று.

பூங்காவைப் பராமரிப்பவர்களின் பொறுமையையும் சொல்லியாக வேண்டும். குரோக்கஸின் கிழங்கு ஆண்டுதோறும் தேய்ந்து அழிந்து, அதன் தலையிலேயே புதுக்கிழங்கு உருவாகிறது. அந்தப் புதுக்கிழங்குக்கு வேண்டிய உணவை இலைகள்தாம் சமைத்துக் கொடுக்க வேண்டும். பூ வாடியவுடன் புல்லை வெட்டினால் இலையும் போய்விடும். அடுத்த ஆண்டு பூ குறையும், சில ஆண்டுகளில் அறவே இல்லாமல் போகும். ஆகவே இலை தானாக மஞ்சளாகிச் சாயும் வரை, ஏறத்தாழ ஆறு வாரங்கள், புல்லில் எந்திரத்தை இறக்கக்கூடாது. ஏப்ரலில் போகிறவர்கள் புல் ஒழுங்கில்லாமல் நீண்டு கிடக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அந்த நீண்ட புல்தான் அடுத்த மார்ச்சின் பூ. புல்வெளியில் கால் வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மக்னோலியாவின் கதை இந்தப் பூங்காவின் காலத்தோடு நேராகப் பொருந்துகிறது. ஐரோப்பியப் பூங்காக்களில் மிகுதியாகக் காணப்படும் இளஞ்சிவப்பு மக்னோலியா, பாரிஸுக்கு அருகே ஃபிரோமோனில் எத்தியென் சூலான்ஜ்-போதேன் என்பவர் 1820ல் இரண்டு சீன மக்னோலியாக்களை இணைத்து உருவாக்கிய கலப்பினம். முதன்முதலாகப் பூத்தது 1826ல். அதாவது எதுவார் பெனாசேயின் காலத்தில் அது ஒரு புதுமை. வசதி படைத்தவர்களின் தோட்டங்கள் போட்டி போட்டுக்கொண்டு நட்ட மரம். இலைக்கு முன்னே பூ வருவதால் பின்பனியின் ஓர் இரவு போதும், எல்லா இதழ்களும் பழுப்பாகிவிடும். ஆகவே மக்னோலியாவுக்காகப் பயணச்சீட்டை வெகு முன்பே எடுப்பவர்கள் ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். குரோக்கஸ் அப்படியல்ல, பனியை அது தாங்கும்.

முந்நூறுக்கும் மேற்பட்ட வகை மரஞ்செடிகள் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். ஜிங்கோவும் வட அமெரிக்கத் துலிப் மரமும் பிளேன் மரங்களும் அவற்றில் உண்டு. மரங்களைப் பார்க்க ஒரு நாள் தனியாக ஒதுக்கலாம்.

நிலவியல் மாணவி எழுதியது:

விவாதத்துக்கு இன்னொரு ஊரைத் துணைக்கு அழைக்கிறேன்: செக் நாட்டின் மரியான்ஸ்கே லாஸ்னே, ஜெர்மன் பெயரில் மரியன்பாட். பாடன்-பாடனோடு யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதுதான் அதுவும்.

அங்கே தொடக்கத்தில் ஊரே கிடையாது. டெப்லா மடத்துக்குச் சொந்தமான, காடு சூழ்ந்த சதுப்பு நிலம் மட்டுமே இருந்தது. அதில் குளிர்ந்த, வாயு நிரம்பிய கனிம ஊற்றுகள் பல சுரந்தன. மடத்தின் மருத்துவர் யோஹான் நேர் அவற்றின் பயனைக் கண்டு எழுதினார். மடாதிபதி ரைட்டன்பெர்கர் துணை நின்றார். 1810களின் பிற்பகுதியில் வாட்ஸ்லாவ் ஸ்கால்னீக் என்ற தோட்டக் கலைஞரை அழைத்து வந்தார்கள். அவர் சதுப்பை வடித்து, ஓடைகளுக்கு வழி செய்து, பள்ளத்தாக்கின் நடுப்பகுதி முழுவதையும் பூங்காவாக்கினார். கட்டடங்கள் அந்தப் பூங்காவின் விளிம்பைச் சுற்றித்தான் எழுந்தன. அந்தத் தோட்டக் கலைஞரே பின்னாளில் ஊரின் தலைவராகவும் இருந்தார்.

ஊற்றுகள் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கின்றன. ஒரு கோப்பை நீரை வாங்கிச் சிறிது சிறிதாகப் பருகிக்கொண்டே நடப்பது, கால் மணி நேரம் கழித்து அடுத்த கோப்பை, பின்னணியில் இசைக்குழுவின் வாசிப்பு என்பதுதான் அங்கே காலைச் சிகிச்சை. கைப்பிடியையே உறிஞ்சு குழாயாக்கிய தட்டையான பீங்கான் கோப்பைகளை அந்த வட்டாரத்தில் இன்றும் விற்கிறார்கள். நடக்கும்போது சிந்தாமல் பருக அது வசதி. 1889ல் முடிந்த வார்ப்பிரும்புத் தூண்மண்டபம், மழை நாளிலும் இந்த நடை தடைப்படக்கூடாது என்பதற்கு உதவுகிறது.

ஊர் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இளவேனில் பிந்தித்தான் வரும். மே மாதத்தில் ஊற்றுகளுக்கு ஆசி வழங்கும் சடங்கோடு பருவத்தைத் தொடங்குகிறார்கள். வழிப்போக்கன் சொல்லும் 'மருத்துவக் கட்டுமானமாகிய பூங்கா' என்பதற்குச் சரியான சான்று மரியன்பாட்தான் என்று நினைக்கிறேன். பாடன்-பாடனைப் பொறுத்தவரை கல்வெட்டு அவர்களின் பக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. பருகும் நீரை மையமாகக் கொண்ட ஊரும் குளிக்கும் நீரை மையமாகக் கொண்ட ஊரும் தங்கள் பூங்காக்களை வெவ்வேறு விதமாகத்தான் அமைக்கும்.

வழிப்போக்கன் எழுதியது:

கல்வெட்டு அவர்கள் சொன்ன பணத்தின் வரலாறு மறுக்க முடியாதது. பூங்காவுக்குச் செலவிட்டவர் சூதாட்டக் குத்தகைதாரர். அந்தக் குத்தகைதாரரின் நோக்கமும் கல்வெட்டு அவர்கள் சொன்னதுதான். ஆனால் ஓர் இடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதும், அங்கே வந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பாடன்-பாடனுக்கு வந்தவர்கள் எல்லோரும் அரசர்கள் அல்லர். வாதநோயோடும் மூட்டு வலியோடும் மருத்துவர் அனுப்பி வந்தவர்கள் அவர்களில் ஏராளம். குளித்துவிட்டு ஓய்வெடுத்து, மெதுவாகச் சமதளத்தில் நடந்து உடலைத் தேற்றிக்கொள்ள அவர்களுக்கு இருந்த இடம் இதுதான்.

பருகும் நீர் இங்கே இல்லாமல் இல்லை. கூர்ஹவுஸுக்கு வடக்கே, ஹைன்ரிக் ஹூப்ஷ் வடிவமைத்து 1842ல் முடிந்த நீர்பருகு மண்டபத்தை நிலவியல் மாணவி கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். 90 மீட்டர் நீளத் தூண்வரிசை, அதன் பின்சுவரில் அந்த வட்டாரத்துத் தொன்மக் கதைகளைச் சொல்லும் பதினான்கு சுவரோவியங்கள். அது எதிர்க்கரையில், அதாவது பூங்கா இருக்கும் கரையில், மரங்களுக்கு நடுவே கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஊற்று குன்றின் மேல் இருக்க, பருகும் மண்டபத்தை மட்டும் ஏன் இந்தப் பக்கம் கட்டினார்கள்? பருகுவதும் நடப்பதும் அடுத்தடுத்து நிகழ வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு 1872 வருகிறது. அந்த ஆண்டின் முடிவோடு ஜெர்மன் பேரரசில் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன. பாடன்-பாடன் மாளிகை மீண்டும் திறந்தது 1933ல்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் ஊர் தன் பிழைப்புக்கு நீரையும் மருத்துவத்தையுமே நம்பியது. ஃபிரீட்ரிக்ஸ்பாட் கட்டப்பட்டது அந்த மாற்றத்தில்தான். பூங்கா வெறும் மேடையாக இருந்திருந்தால், நாடகம் நின்றபின் அதைத் துண்டு போட்டு மனைகளாக விற்றிருப்பார்கள். விற்கவில்லை, பேணினார்கள். அதே காலத்தில், 1880களில், மியூனிக் மருத்துவர் மாக்ஸ் யோசஃப் ஓர்ட்டல் இதயநோயாளிகளுக்கு அளவு குறித்த நடைப்பயிற்சியைச் சிகிச்சையாகவே வகுத்தார். சரிவுக்கு ஏற்ப வகைப்படுத்திய பாதைகளை ஜெர்மானிய ஊற்றுநகரங்கள் அடுத்தடுத்து அமைத்தன. பூங்காவின் சமதளப் பாதை அந்த ஒழுங்கில் தானாகவே முதல் படியாகிவிட்டது.

மார்ச்சில் அன்றைய கூட்டம் இல்லை என்றீர்கள். உண்மைதான், அதை நான் பூங்காவின் பேறாகவே கருதுகிறேன். இன்று மார்ச்சில் அங்கே நடப்பவர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்து மக்கள். ஊன்றுகோலோடு வரும் முதியவர்களும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மறுவாழ்வு மருத்துவமனைகளில் தங்கியிருப்பவர்களும், குழந்தை வண்டி தள்ளுபவர்களும்தான் அப்போது கண்ணில் படுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, வாயிற்கதவும் கிடையாது.

கல்வெட்டு எழுதியது:

நீர்பருகு மண்டபம் பற்றிய வாதம் வலுவானது, அதை ஏற்கிறேன். 1872க்குப் பிந்தைய காலத்தையும் நீங்கள் சொன்னபடியே பார்க்கிறேன். ஆயினும் பூங்காவின் உருவத்தைத் தீர்மானித்தது அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள்தாம் என்பதிலிருந்து நான் நகரவில்லை. பாதைகளின் அகலமே சொல்லும். அவை வண்டிகள் எதிரெதிரே வந்து விலகிச் செல்லவும், வண்டியில் இருப்பவரும் நடப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் அமைந்தவை.

பின்வந்த காலம் என்ன செய்தது என்பதைப் பார்க்க, ஆற்றின் மறுகரையில் உள்ள கென்னர் தோட்டத்துக்குப் பாலம் கடந்து போக வேண்டும். மாக்ஸ் லாய்கர் வடிவமைத்து 1909க்கும் 1912க்கும் இடையில் உருவானது. உயரமாகக் கத்தரித்த வேலிச் சுவர்கள், நேர்கோட்டுப் பாத்திகள், நடுவே நீரூற்று என்று அடுத்த தலைமுறை ஆங்கிலப் பாணியை முழுமையாகக் கைவிட்டுவிட்டது. காப்பி வணிகத்தில் பொருளீட்டிய ஹெர்மன் சீல்கென் தந்த கொடை அது. இளவேனிலில் ரோஜாக்கள் இன்னும் பூக்காமல், வெட்டிவிட்ட செடிகள் மட்டும் நிற்கும்போது, அந்த வேலிகளின் வடிவம் தனியாகத் தெரியும். இரண்டு தோட்டங்களையும் ஒரே நடையில் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம்.

இந்தப் பூங்காவில் 2004ல் ரிச்சர்ட் மையர் வடிவமைப்பில் எழுந்த ஃபிரீடர் புர்டா அருங்காட்சியகத்தைப் பற்றியும் ஒரு சொல். மரங்களுக்கு நடுவே இவ்வளவு வெள்ளைக் கட்டடம் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது பொருந்துவதாகவே படுகிறது. இலையற்ற மார்ச் மாதத்தில் கருங்கிளைகளின் நிழல் அந்தச் சுவரில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு ஆட்சேபம் குறையும்.

மரக்காவலர் எழுதியது:

பூங்காவின் பழைமையைப் பற்றிப் பேசும்போது அதன் நாளையைப் பற்றியும் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. நான் வனத்துறைப் படிப்பில் இருப்பதால் என் கவலை மரங்களைப் பற்றியது.

1999ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வீசிய லோத்தர் புயல் கருங்காட்டின் பெருமரங்களைச் சில மணி நேரத்திலேயே சாய்த்துத் தள்ளியது. பூங்காவுக்குப் பின்னணியாக நிற்கும் மலைச்சரிவுக் காடுகள் எவ்வளவு எளிதில் மாறிவிடக்கூடியவை என்பதை அந்த வட்டாரம் அன்று கண்டது. இப்போது புயலைவிடக் கோடை வறட்சியும் பூச்சிகளும் அஞ்ச வைக்கின்றன. குதிரைச் செஸ்நட் மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் ஓரிட் ஏரிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைதுளைக்கும் சிறு அந்துப்பூச்சி, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. அதன் புழுக்கள் இலையின் இரண்டு தோல்களுக்கு நடுவே புகுந்து தின்பதால், ஆகஸ்ட்டிலேயே மரம் பழுப்பேறி இலையுதிர்காலம் வந்துவிட்டது போல நிற்கும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றி அழிப்பதுதான் தோட்டக்காரர்களின் முதன்மையான வழி. கூட்டுப்புழு அந்தச் சருகில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

ஒரு பழைய மரம் விழுந்தால் அதே இடத்தில் அதே இனத்தை நட வேண்டுமா, வெப்பத்தைத் தாங்கும் வேறு இனத்தையா? மரபுப் பூங்கா என்ற முறையில் பார்த்தால் முதலாவதுதான் சரி. மரம் எண்பது ஆண்டுகள் வாழ வேண்டும் என்று பார்த்தால் இரண்டாவதுதான் சரி. இரண்டாவதையே நான் ஆதரிக்கிறேன். ஆங்கிலப் பாணிப் பூங்காவில் மரத்தின் இனத்தைவிட அதன் பருமனும் நிற்கும் இடமும் முதன்மையானவை. புல்வெளியின் எந்த முனையில் பார்வை நிற்க வேண்டும், எங்கே திறந்து மலையைக் காட்ட வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவரின் கருத்து. அதே உருவமும் உயரமும் தரக்கூடிய இனம் எதுவாக இருந்தாலும் அந்தக் கருத்து காப்பாற்றப்படும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே நட்டவர்களும் சீனாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் புதிய இனங்களைத் தயங்காமல் கொண்டுவந்தவர்கள்தாம்.

தாவரப்பித்தன் எழுதியது:

மரக்காவலருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நிறத்தையும் காலத்தையும் விட்டுவிடாதீர்கள். இளவேனிலில் பீச் (beech) என்ற காட்டுமரத்தின் புதிய இலைக்கு இருக்கும் ஒளி ஊடுருவும் பச்சை வேறெந்த மரத்திலும் வராது. அதன் ஓரங்களில் மெல்லிய வெள்ளை மயிர் இருக்கும், சில வாரங்களில் உதிர்ந்துவிடும். பீச் வறட்சியால் துன்பப்படுகிறது என்பது உண்மை. எனினும் ஆற்றங்கரை ஈரத்தை நம்பிச் சிலவற்றையாவது மீண்டும் நட்டுப் பார்க்க வேண்டும்.

வழிப்போக்கன் எழுதியது:

பொன்னி அவர்களுக்கு. பாதை முழுவதும் ஏறத்தாழச் சமதளம். சக்கர நாற்காலியும் சிரமமின்றிப் போகும். வழியெங்கும் இருக்கைகள் உண்டு. 1989ல் மலைக்கு அடியில் மிக்கேல் சுரங்கப்பாதை திறந்தபின் ஊரைக் கடந்து செல்லும் வாகனங்கள் நிலத்தடியில் போய்விடுகின்றன. பூங்காவில் வாகன இரைச்சல் இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ரயில் நிலையம் ஓஸ் பகுதியில், ஊர் நடுவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நடக்க எண்ண வேண்டாம். நிலையத்தின் வாசலிலேயே 201ஆம் எண் பேருந்து வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நடையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வேன். பேருந்திலேயே லிஷ்டென்டால் வரை போய்விடுங்கள். 1245ல் தொடங்கிய சிஸ்டெர்சியன் கன்னியர் மடம் அங்கே இருக்கிறது. 1803ஆம் ஆண்டுவாக்கில் மற்ற மடங்கள் கலைக்கப்பட்டபோதும் தப்பி, இன்றும் கன்னியர் வாழும் மடம். அதன் முற்றத்தில் சற்று அமர்ந்துவிட்டு, ஆற்றின் போக்கிலேயே ஊரை நோக்கி நடந்து வாருங்கள். அப்படி நடந்தால் அடர்ந்த மரங்கள் முன்னும் விரிந்த புல்வெளிகள் பின்னுமாக வரும். களைப்பு மிகுந்தால் பாலத்தைக் கடந்து மறுகரைத் தெருவுக்குப் போய்ப் பேருந்து ஏறிக்கொள்ளலாம்.

குரோக்கஸுக்காக என்றால் காலையில் மடத்தைப் பார்த்துவிட்டு நண்பகலை ஒட்டிப் புல்வெளிகளுக்கு வந்து சேருமாறு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் வெயில் இறங்கிவிட்டால் மூன்று மணிக்குப் பிறகு குளிர் சட்டென்று ஏறும். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று கையில் இருக்கட்டும்.